கோட்டையும் கணக்கேடும்

பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும்போதெல்லாம், என் தம்பி கணினியில் ஆடும் பேரரசு விளையாட்டு நினைவுக்கு வரும். படையைப் பெருக்கிவிட்டு, வெறுமையான கருவூலத்தைக் கண்டு அவன் திகைப்பான். கோட்டை வரி தராது. சோறு மட்டுமே கேட்கும்.

போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே இங்கு கோட்டை எழுப்பினர். கல் மலிவாயிற்று, காவல் மலிவாகவில்லை. பின்வந்த ஒல்லாந்தருக்குக் கறுவாவும் யானையும் முத்தும் வருவாய். கறுவா விளைந்ததோ தென்மேற்கில். திருகோணமலை அளித்தது துறைமுகம் ஒன்றே. ஆயினும், வாடைக்காற்றில் சோழமண்டலக் கரை கப்பல்களுக்குப் பாதுகாப்பற்றதாதலின், இத்துறையை எதிரிக்கு விடவும் இயலவில்லை. 1782இல் மட்டும் சனவரியில் ஆங்கிலேயரும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் இதனைக் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். கடனில் மூழ்கிய ஒல்லாந்தக் கும்பனி 1799இன் இறுதியோடு மறைந்தது. (பழி முழுவதும் கோட்டைகளுக்கன்று, அதிகாரிகளின் கள்ள வாணிபத்துக்கும் அதிற் பங்குண்டு.)

ஆங்கிலேயர் சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்களை நிறுவினர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் குண்டு வீசினர். 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இலண்டன் கணக்கேட்டில் இவையெல்லாம் செலவு. அச்செலவில் ஒரு துளியே துறைமுகத்தில் தச்சராயிருந்த என் பாட்டனாரின் கூலி. எங்கள் வீட்டுக் கூரை அதனால் எழுந்தது. தம்பியின் விளையாட்டில் படைச்செலவு கருவூலத்தினின்று குறைந்ததும் மறைந்துவிடுகிறது. எவர் கைக்குப் போயிற்றென்று காட்டுவதில்லை. அக்கூலியை எண்ணிப் பாட்டனார் மகிழ்ந்தாரோ நாணினாரோ, நான் கேட்டதில்லை. அவருடைய உளிகள் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் உள்ளன.