தொடாமல் வளர்க்கும் செல்லம்

நாய் வளர்ப்பார்கள், பூனை வளர்ப்பார்கள், சரி. தவளையைக் காசு கொடுத்து வாங்கி யாராவது வளர்ப்பார்களா? தாராளமாக வளர்க்கிறார்கள்! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செல்லப்பிராணிக் கடைகளில் பாம்பு, ஓணான் வரிசையில் மரத்தவளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நாயைப் போல நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், முடி கொட்டாது, குரைக்காது. அதனால் பிள்ளைக்கு முதல் செல்லமாக இதையே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பெற்றோர் சுலபமாக முடிவெடுத்து விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

முதலில், எந்தத் தவளை? கடைகளில் மூன்று வகை அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, மத்திய அமெரிக்கக் காடுகளின் சிவப்புக் கண் மரத்தவளை. பச்சை உடம்பு, ரத்தச் சிவப்பில் கண், விலாவில் நீலமும் மஞ்சளும். காலண்டர் படங்களில் வருகிற அழகி இவள்தான். ஆனால் ஈரப்பதம் குறைந்தால் தாங்காத நோஞ்சான். புதிதாக வளர்க்கிறவர் கையில் பிழைப்பது கஷ்டம். இரண்டாவது, அமெரிக்கப் பச்சை மரத்தவளை. லூசியானா, ஜார்ஜியா மாநிலங்களின் சின்னங்களில் ஒன்று என்ற பெருமை இதற்கு உண்டு. விலை மலிவு. பல சமயம் காட்டிலிருந்து நேராகப் பிடித்து வருவதுதான் மலிவுக்குக் காரணம். அப்படி வருவது ஒட்டுண்ணியோடும் பயத்தோடும் வரும்.

மூன்றாவது, ஒயிட் மரத்தவளை. பெயரைப் பார்த்து வெள்ளைத் தவளை என்று நினைத்துவிடக் கூடாது, நிறம் பச்சைதான். ஆஸ்திரேலியாவுக்கு முதல் கப்பல் கூட்டத்தோடு போன அறுவை மருத்துவர் ஜான் ஒயிட், 1790இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை வர்ணித்திருந்தார். அவர் பெயரே இதற்கு ஒட்டிக்கொண்டது. அறிவியல் பெயரில் இருக்கும் 'கெருலியா' என்ற சொல்லுக்கோ நீலம் என்று அர்த்தம். பதப்படுத்திய உடல் நிறம் மாறி நீலமாகத் தெரிந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். பச்சைத் தவளைக்குப் பெயரில் வெள்ளையும் நீலமும்!

புதிதாக வளர்க்கிறவருக்கு ஏற்றது இந்த மூன்றாவது ஆள்தான். 7 முதல் 11 சென்டிமீட்டர் வளரும், சாதுவானது, சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். வாங்கும்போது வளர்ப்பிடத்தில் பிறந்ததா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் புண் இல்லையா, இடுப்பெலும்பு துருத்தவில்லையா என்று பார்க்க வேண்டும். சின்னதும் பெரியதுமாக ஜோடி சேர்க்கக் கூடாது. பெரியது சின்னதை விழுங்கிவிடும்.

அடுத்தது வீடு. மரமேறும் பிராணி என்பதால் பெட்டி அகலத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். ஏற ஒரு கிளை, ஒளிய இலை, உட்கார அகலமான தண்ணீர்ப் பாத்திரம். பகலில் 24 முதல் 29 டிகிரி வெப்பம், இரவில் கொஞ்சம் குறைவு. தண்ணீர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் அதே வழியில் உள்ளே போகும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோராமின் போகாது. அதை நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே பாத்திரத்தில் ஊற்ற வேண்டும்.

சாப்பாடு? உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சிகள். பூச்சியின் அளவு தவளையின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. கால்சியம், டி3 வைட்டமின் பொடியில் புரட்டிப் போட வேண்டும். வளர்ந்த தவளைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும். போடப் போடத் தின்னும், கண்ணுக்கு மேல் சதை மடிப்புத் தொங்கும் வரை தின்னும். தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழி சத்தம் போடுவதைச் சொல்கிறது. கண்ணாடிப் பெட்டித் தவளைக்கு அது தின்பதற்கும் பொருந்தும். ஆனால் அங்கே பழி தவளைக்கு இல்லை, ஊட்டுகிற கைக்குத்தான்.

இவ்வளவையும் செய்துவிட்டு, தவளையை எடுத்துக் கொஞ்சவும் முடியாது. கையில் இருக்கும் சோப்பு, உப்பு எல்லாம் அதன் தோலுக்கு ஆகாது. அதன் தோலில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமி மனிதனுக்கு ஆகாது. செல்லமாக விற்ற ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகளால் 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தொற்று வந்தது. அவர்களில் அதிகம் சின்னப் பிள்ளைகள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வியாபாரத்தில் தவளையின் விலைதான் சின்ன வரவுசெலவு. பெட்டி, விளக்கு, வெப்பமானி, வாராவாரம் பூச்சி என்று செலவு நீளும். காலக்கணக்கு அதைவிடப் பெரியது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒயிட் மரத்தவளை 15 வருடத்துக்கு மேல் இருக்கும். 20ஐத் தாண்டியவையும் உண்டு. பத்து வயதில் ஆசைப்பட்டு வாங்கிய பையன் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொள்ளும்போதும் தவளை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நடுவில் அலுத்துப்போனால்? குளத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றும். அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சையால் உலகில் குறைந்தது 501 நீர்நில வாழ்வினங்கள் குறைந்ததாகவும், அவற்றில் 90 இனங்கள் அழிந்துபோயிருக்கலாம் என்றும் 2019இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்தப் பூஞ்சை பரவியதில் தவளை வியாபாரத்துக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து வாழைப்பழப் பெட்டிக்குள் ஒளிந்து சிட்னிக்கு வந்துவிடும் தவளைகளைக்கூட வெளியே விடுவதில்லை. எந்த ஓடையிலிருந்து வந்தது, எந்த நோயைச் சுமக்கிறது என்று தெரியாதே! உரிமம் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தத்தெடுத்து வளர்க்கிறார்கள்.

அப்படியானால் வளர்ப்பதில் என்னதான் சுகம்? விளக்கை அணைத்தபிறகு அது கண் திறந்து, ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி ஏறுவதைப் பார்ப்பதுதான். அது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது, வாலாட்டாது, நன்றி காட்டாது. எதிர்பார்க்க ஒன்றும் இல்லாத ஒரு ஜீவனுக்கு 20 வருடம் தண்ணீர் மாற்ற மனமிருக்கிறவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் கடையிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருவது தவளைக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.