தோற்ற அணிக்கு ஒரு சொல்

அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்றால் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரே மலைபோல் நிற்கும் ஆட்களை முட்டி மோதி ஓடும் ஆட்டம் அது. ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள்தாம்; ஆனால் காண வரும் கூட்டமோ நமது சித்திரைத் திருவிழாவை நினைவூட்டும். இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 77,000 பேருக்கு மேல் அமரலாம்!

என் அறைத் தோழரின் அண்ணன் அங்கே ஆராய்ச்சி மாணவர். அந்த உறவினால் எங்கள் விடுதி அறையும் நோட்டர் டேமின் கட்சியாகிவிட்டது. 2024 ஆகஸ்டு 31 அன்று அந்த அணி டெக்சஸ் ஏ அண்டு எம் அணியை அதன் சொந்த ஊரிலேயே, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கூச்சலிடும் அரங்கில், 23-13 என்று வென்றது. அந்த ஒரு வாரம் அண்ணனிடமிருந்து வந்த செய்திகளைப் படித்தால், கோப்பையைக் கையில் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி என்று தோன்றும்.

செப்டம்பர் 7, சொந்த அரங்கில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். நமக்கு நள்ளிரவு கடந்து ஒரு மணி. எதிரணி நார்தர்ன் இல்லினாய். தரவரிசையில் இடம் பெறாத அணி. அதை வரவழைத்து ஆடச் செய்வதற்கு நோட்டர் டேம் 14 லட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டோ? நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த நோட்டர் டேம் 14-13 என்று முன்னணியில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ரைலி லெனர்ட் எறிந்த பந்து எதிரணியின் கையில் சிக்கியது. ஆட்டம் முடிய 31 வினாடி இருக்கையில், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எதிரணி மூன்று புள்ளி எடுத்தது. முடிவு 16-14. வென்ற அணியின் பயிற்சியாளர் தாமஸ் ஹேமக், தாம் படித்து ஆடிய கல்லூரிக்குக் கிடைத்த வெற்றியை எண்ணி எல்லோரும் காணக் கண்ணீர் விட்டார்.

தோற்ற பக்கத்திலோ கண்ணீர் அன்று, அனல்! மரத்திலிருந்து விழுந்தவனை மாடேறி மிதித்தது போல், விடியுமுன்பே வசை தொடங்கிவிட்டது. “பயிற்சியாளரை நீக்கு!” என்றார் ஒருவர். “லெனர்டை வெளியே உட்கார வை!” என்றார் இன்னொருவர். 2022-இல் மார்ஷல் அணியிடம் இதே அரங்கில் தோற்ற பழங்கணக்கைத் தோண்டி எடுத்தார் வேறொருவர். “எல்லாம் முடிஞ்சு போச்சுடா தம்பி, இனிமே இந்த வருஷம் பார்க்க ஒண்ணுமில்லை” என்று அண்ணனும் எழுதிவிட்டார். அப்போது முடிந்திருந்தவை இரண்டே ஆட்டங்கள்!

நண்பர்களே, பின்னர் நடந்தது என்ன? தோற்ற அணி மறுவாரமே பர்டியூவை 66-7 என்று வென்றது. தொடர்ந்து பதின்மூன்று ஆட்டங்களில் வெற்றி. டிசம்பரில் அதே அரங்கில் இந்தியானாவை 27-17 என்று தோற்கடித்தது. 2025 ஜனவரி 20 அன்று நாட்டின் இறுதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட் அணியிடம்தான் 34-23 என்று பணிந்தது. வென்று கண்ணீர் விட்ட நார்தர்ன் இல்லினாயோ, அடுத்த ஆட்டத்திலேயே தன் சொந்த அரங்கில் பஃபலோ அணியிடம் 23-20 என்று தோற்றது. வெற்றியும் தோல்வியும் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை.

வசை பாடியவர்கள் அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அன்பு இல்லாதவன் தோல்விக்காக விடிய விடிய விழித்திருப்பானா? குறை சொல்வதும் தவறன்று. அந்த அணி அன்று ஆடியது மோசமான ஆட்டமே. ஆனால், “இப்படி எறிந்திருக்கக்கூடாது” என்பது ஒரு பேச்சு. “இவன் எதற்கும் உதவான்” என்பது வேறு பேச்சு. முன்னதைக் கேட்டவன் மறுநாள் பயிற்சிக்கு வருவான். பின்னதைக் கேட்டவன் எங்கே போவான்?

இதைக் கடல் கடந்த கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஆண்டு நம் தமிழ் மாணவர்களின் கபடி அணி, விடுதிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் ஆட்டத்திலேயே, நம் விடுதித் திடலிலேயே தோற்றது. அன்றிரவு உணவுக்கூடத்தில் பறந்த கேலியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கடைசி ரெய்டில் பிடிபட்ட முதலாண்டு மாணவன், ஊரை விட்டு வந்து இரண்டு மாதங்கூட ஆகாதவன், பல நாள் நம் மேசைக்கே வரவில்லை. தனியே ஒரு மூலையில் உட்கார்ந்து உண்டுவிட்டுப் போனான். மொழி தெரியாத ஊரில் அவனுக்கு நம்மைத் தவிர வேறு யார்?

இந்த ஆண்டும் அவன் ஆடுகிறான். முதல் ஆட்டம் வரும் ஞாயிறு மாலை. வெல்வான் என்று நான் உறுதி கூற இயலாது. தோற்றாலும் அன்றிரவு அவனுக்கு நம் மேசையில் ஓர் இடம் இருக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.