நின்ற வண்டி

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த பழைய வோல்க்ஸ்வேகன் வண்டி ஒன்று என்னிடம் உண்டு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில், ரிங்லெட்டை அடையுமுன் அதன் எஞ்சின் நின்றுவிடும். அரைமணி ஆறவிட்டால் மீண்டும் ஓடும். ஆகவே சூடுதான் காரணமென்று தீர்மானித்தேன். காயில் சூடேறிப் பொறி தரவில்லையெனக் கருதிப் புதியது மாட்டினேன். மறுவாரமும் வண்டி நின்றது.

அவ்வழியே தேயிலைத் தோட்டத்து முதியவர் ஒருவர் வந்தார். தோட்ட லாரிகளைப் பழுது பார்த்தவராம். "தம்பி, நின்ற உடனே சோதித்துப் பார்த்தீர்களா?" என்றார். படிப்பறியாத இவருக்கு என்ன தெரியுமென்று என் மனம் இறுமாந்தது. அவரோ பிளக்கைக் கழற்றி, எஞ்சின்மேல் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். நல்ல பொறி தெறித்தது. பிளக்கை மாட்டியபின் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உட்புகுந்தது. எஞ்சின் கிளம்பிற்று!

தொலைந்த மூடிக்கு மாற்றாக நான் வாங்கிய மூடியில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் தாழ்ந்து, பம்பினால் இழுக்க முடியவில்லை. ஆறவிட்ட நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து புகுந்திருக்கிறது. ஓய்வு இருவகைக் கோளாற்றுக்கும் மருந்தாகத் தோன்றும். நின்ற கணத்தில் செய்யும் சோதனையே உண்மை சொல்லும்.

1929-இல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தேயிலையைக் கிள்ளியும் சுமந்தும் இம்மலையை வளர்த்தவர்களுள் நம் தமிழரும் உளர். அக்கைகளின் அறிவையன்றோ நான் ஐயுற்றேன்! அன்று அப்பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. இன்று எழுதிக் கேட்கிறேன்.