கிட்டார் வாங்கப் போறீங்களா? ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க!

போன மாசம் ஹாஸ்டல்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் என் ரூம் கதவைத் தட்டினான். "அண்ணா, கிட்டார் கத்துக்கணும். கையில 5000 ரூபாய் இருக்கு. ஆன்லைன்ல ஒரு காம்போ பார்த்து வச்சிருக்கேன். வாங்கிடலாமா?"

மொபைலை நீட்டினான். கிட்டார், பை, பெல்ட், மூணு பிக், ஒரு செட் எக்ஸ்ட்ரா கம்பி, எல்லாம் சேர்த்து 3999. பார்த்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. மூணு வருஷம் முன்னாடி நான் வாங்கினதும் இதே மாதிரி ஒரு காம்போதான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன்.

ஃபர்ஸ்ட் இயர்ல கிட்டாருக்குன்னு வீட்டுல காசு கேட்க எனக்கு மனசு வரல. சனி, ஞாயிறு கல்யாண மண்டபத்துல கேட்டரிங் வேலைக்குப் போனேன். ஒரு நாளைக்கு 500 ரூபாய். ஒன்பது முகூர்த்தம் சாம்பார் வாளி தூக்கி அந்தக் கிட்டாரை வாங்கினேன். பார்சல் வந்த அன்னைக்கு ரூமே கூடி நின்னு போட்டோ எடுத்துச்சு.

முதல் வாரம் விரல் நுனி எரிஞ்சது. அது எல்லாருக்கும் வரும்னு படிச்சிருந்தேன், பொறுத்துக்கிட்டேன். ரெண்டாவது மாசமும் எரிஞ்சது. சி, ஜி கார்டு எப்படியோ வந்துச்சு. ஆனா ஆள்காட்டி விரலால ஆறு கம்பியையும் ஒண்ணா அமுக்குற எஃப் கார்டு? டொக்கு டொக்குனு சத்தம் மட்டும்தான். ட்யூனிங் சரியா வச்சாலும் கீழே இறங்கி வாசிச்சா சுருதி பிசகும். "உனக்குக் காது இல்ல மச்சான்"னு ரூம்மேட் சொன்னான். நானும் நம்பிட்டேன். நாலாவது மாசம் கிட்டார் கட்டிலுக்கு அடியில போச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் அங்கேயேதான் கிடந்தது.

தேர்ட் இயர் கல்ச்சுரல்ஸ் ரிகர்சல். ஒரு ஃப்ரெண்டோட கிட்டார் சும்மா ஸ்டேஜ்ல கிடந்தது. எடுத்து எஃப் கார்டு பிடிச்சேன். ஆறு கம்பியும் பேசுச்சு. விரல் அதேதான், ரெண்டு வருஷமா ப்ராக்டிஸும் கிடையாது. ஆனாலும் வந்துச்சு. எனக்குச் சந்தோஷத்தை விடக் கோபம்தான் அதிகமா வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு கிட்டாரையும் பக்கத்துல வச்சு, இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் ஸ்கேலால அளந்தேன். 12-வது ஃப்ரெட்டுக்கு மேல தடிக் கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பார்க்கணும். இதுக்குப் பேர் ஆக்‌ஷன். அவன் கிட்டார்ல 2.5 மி.மீ. என்னோடது 4.5 மி.மீ.

ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன இருக்குன்னு கேட்காதீங்க. கம்பி உயரத்துல இருந்தா அமுக்க அதிக பலம் வேணும், அதனாலதான் வலி. அமுக்கும்போது கம்பி கூடுதலா இழுபடும். டென்ஷன் ஏறினா சுருதியும் ஏறும், அதனாலதான் பிசகு. ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஃபிசிக்ஸ்தான். என் காது மேல பழி போட்டதுக்குப் பதிலா அன்னைக்கே ஸ்கேலை எடுத்திருக்கலாம்.

டவுன்ல ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். பெரியவர் ஒரு தடவை மீட்டிப் பார்த்துட்டு, "இதை இப்படியே குடுத்தா எவனாலயும் வாசிக்க முடியாது தம்பி"ன்னார். நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு. ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து 60, 70 கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கும். அதை எதிர்த்து நெக்கை நேரா நிறுத்துறது இதுதான். அவர் அதைக் கொஞ்சம் திருகினார். மேல நட்ல இருக்கிற பள்ளங்களை அரம் போட்டு ஆழமாக்கினார். கீழ சேடிலைத் தேய்ச்சு இறக்கினார். 10 கேஜ் மெல்லிசு கம்பி மாட்டினார். மொத்தம் 700 ரூபாய். ஆக்‌ஷன் 2.5-க்கு வந்துச்சு, எனக்கு எஃப் கார்டும் வந்துச்சு.

அதனால வாங்கும்போது முடிஞ்சா கடைக்கு நேர்ல போங்க. மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, 12-வது ஃப்ரெட் உயரம். பெரும்பாலான கிட்டார்ல அங்க ரெண்டு புள்ளி இருக்கும். ஸ்டீல் கம்பின்னா 2.5-ல இருந்து 3 மி.மீ.க்குள்ள இருந்தா நல்லது. அதிகமா இருந்தா "குறைச்சுத் தர்றீங்களா?"ன்னு கேளுங்க. சேடிலை 2 மி.மீ. தேய்ச்சாத்தான் இங்க 1 மி.மீ. இறங்கும். அதனால தேய்க்கிற அளவுக்கு சேடில் வெளியே தெரியுதான்னும் பாருங்க.

ரெண்டு, கம்பியை மூணாவது ஃப்ரெட்ல அமுக்கிட்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்க. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு பேப்பர் தடிமன் இடைவெளிதான் இருக்கணும். நிறைய இருந்தா நட் உயரம். எஃப் கார்டுக்கு முதல் எதிரி அதுதான்.

மூணு, போன்ல ஒரு ஃப்ரீ ட்யூனர் ஆப் போட்டு, அஞ்சாவது கம்பியை 110 ஹெர்ட்ஸுக்கு வைங்க. அதையே 12-வது ஃப்ரெட்ல அமுக்கி மீட்டினா சரியா ரெண்டு மடங்கு, 220 வரணும். முள் ரொம்பத் தள்ளி நின்னா அந்தக் கிட்டாரை வச்சுட்டு அடுத்ததை எடுங்க.

நைலான் கம்பி கிட்டார் விரலுக்கு மெத்துனு இருக்கும், ஆனா நெக் அகலம். அதுல ஸ்டீல் கம்பி மட்டும் மாட்டிடாதீங்க, அந்த இழுப்புக்கு பிரிட்ஜ் பெயர்ந்துடும். எலக்ட்ரிக்னா ஆம்ப்ளிஃபையர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

காம்போல வர்ற பொருளுக்கு மயங்காதீங்க. ஆரம்பத்துல ஒரு பை, ரெண்டு பிக், ஒரு ட்யூனர் ஆப் போதும். கேப்போ அப்புறம் வாங்கிக்கலாம். மிச்சக் காசை செட்டப் பண்ண வைங்க. 3500-க்கு வாங்கி 700-க்கு சரி பண்ணின கிட்டார், 5000-க்கு வாங்கி அப்படியே வாசிக்கிற கிட்டாரை விட நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். யமஹா எஃப்280, எஃப்310 மாதிரி மாடல் புதுசா வாங்க 5000 பத்தாது. செகண்ட் ஹேண்ட்ல தேடிப் பாருங்க. வாங்கினதுக்கு அப்புறம் வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கம் மட்டும் சாய்ச்சு வைக்காதீங்க. சூட்டுல பசை இளகும்.

அந்த ஃபர்ஸ்ட் இயர் பையனும் நானும் ஞாயித்துக்கிழமை ஸ்கேலோட கிளம்பினோம். முதல்ல பார்த்த செகண்ட் ஹேண்ட் கிட்டார்ல நெக் வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு, வேண்டாம்னுட்டோம். ரெண்டாவது 4200. 3 மி.மீ. இருந்துச்சு, வாங்கிட்டான். இப்போ தினமும் ராத்திரி பத்து மணி வரைக்கும் எங்க ஃப்ளோர்ல யாருக்கும் நிம்மதி இல்ல. நான் ஒண்ணும் சொல்றதில்ல.

கட்டிலுக்கு அடியில போன என் ரெண்டு வருஷம் திரும்ப வராது. உங்களுக்கு முதல் மாசம் விரல் வலிச்சா விடாம வாசிங்க. ரெண்டு மாசம் கழிச்சும் வலிச்சா, "எனக்கு வராது"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்க.