கணினிக் கூடமும் கடவுச்சொல்லும்

பலர்க்கும் பொதுவான பொருளை ஒருவர் தனியே நுகர்தல் களவு என்றால் யாவரும் ஒப்புவர். ஆயின், அப்பொருள் கண்ணுக்குப் புலப்படாததாயிருப்பின், அக்களவைக் களவென்று மனம் எளிதில் உணர்வதில்லை. இவ்வுண்மையை யாம் நூல்களிற் கற்றோமில்லை. 2004-ஆம் ஆண்டில், பல்கலைக்கழகமொன்றிற் கணினியியல் பயின்ற காலத்தில், எமது பிழையினாலேயே கற்றோம். அதனை ஈண்டு ஒளியாது எழுதப் புகுகின்றோம்.

அந்நாளில் எம்முடன் பயின்றாருள் சொந்தக் கணினி உடையார் மிகச் சிலர். ஆதலின் துறையின் கணினிக் கூடமே எமக்குப் பட்டறையும் நூலகமுமாய் விளங்கிற்று. செருப்பை வாயிலிற் கழற்றி, பதிவேட்டிற் பெயரும் நேரமும் எழுதிக் கையொப்பமிட்டு உள்ளே புகுந்தால், 30 கணினிகள் வரிசையாக வீற்றிருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் லினக்ஸில் இயங்கும் சர்வர் ஒன்று உண்டு. மாணவர் ஒவ்வொருவர்க்கும் அதில் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், கோப்புகளை வைக்க 20 மெகாபைட் இடம். இணையத்திற்கோ, கூடம் முழுமைக்கும் நொடிக்கு 64 கிலோபிட் செல்லும் ஒரே இணைப்பு. அஃதாவது நொடிக்கு 8,000 பைட். முப்பதின்மரும் ஒருங்கே கேட்பின் ஒருவர் பங்கு 267 பைட்டுக்கும் குறைவு.

இக்கூடத்தைக் காத்துவந்த உதவியாளரை யாவரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். ஊர்க் குளத்தில் நீர்பாய்ச்சி முறைவைத்து வயலுக்கு வயல் நீர் விடுவது போல, அவர் எமக்கு நேரம் பகுத்தளிப்பார். எவரேனும் முறை கடந்து அமர்ந்திருப்பின், "தம்பி, கிணறு பெருசுதான், கயிறு ஒண்ணுதானே?" என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லார்.

ஒருநாள் விடுதி நண்பர் ஒருவர் எம் கடவுச்சொல்லைக் கேட்டார். தமது இடம் நிரம்பிவிட்டதென்றும், பாடக்குறிப்புச் சிலவற்றை எடுக்கவேண்டுமென்றும் கூறினார். தாட்சணியத்தினால் யாமும் கொடுத்தோம். அவர் எடுக்க முயன்றது பாடக்குறிப்பன்று. 700 மெகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படம். எமது 20 மெகாபைட்டில் அஃது அடங்காதாகலின், சர்வரில் அனைவர்க்கும் பொதுவாயுள்ள தற்காலிக இடத்தில் வந்து சேருமாறும், கூடம் பூட்டிய பின்னரும் ஓடுமாறும் கட்டளையிட்டுச் சென்றிருந்தார். இணைப்பு முழுவதையும் அதுவே கொண்டாலும் முடிய ஒரு நாளுக்கு மேலாகும்.

மறுநாட் காலை, சர்வரில் ஓடும் பணிகளின் பட்டியலில் எம் பெயரைக் கண்டு திடுக்கிட்டோம். ஒரு வரிக் கட்டளையால் அதனை நிறுத்தியிருக்கலாம். ஆனால் நண்பரோ, "சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்டா, விட்டுரு" என்று கெஞ்சினார். விட்டுவிட்டோம்.

அன்றுதான் எம் வகுப்புத் தோழி ஒருவர், வெளியூர் ஆராய்ச்சிக் கழகமொன்றிற் கோடைப் பயிற்சிக்கு இணைய வழியாக விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை 5 மணி வரையே தவணை. பீடி சுற்றிப் படிக்கவைத்த தாயின் மகள் அவர். நண்பகல் முதல் ஒரே கணினியின் முன் அமர்ந்திருந்தார். பக்கம் பாதி தோன்றும், நின்றுவிடும். நான்கு மணிக்கு நம்பிக்கை இழந்து பஸ் ஏறி நகரத்து பிரௌசிங் சென்டருக்கு ஓடினார். அவர் சென்று சேர்ந்தபோது தவணை கடந்துவிட்டது.

பதிவுகளை ஆராய்ந்த துறைத்தலைவர் எம்மை அழைத்து வினவினார். "கடவுச்சொல்லை யாரோ பார்த்திருக்கக்கூடும், ஐயா" என்றோம். அது பொய். அப்பொய்யின் பயனாக, கூடத்தைச் சரிவரக் கண்காணிக்கவில்லை என்று அண்ணாச்சி எம் கண்ணெதிரே கடிந்துகொள்ளப்பட்டார். அவர் எம்மை ஒருமுறை பார்த்தார், வாய் திறந்தாரில்லை. இரண்டு இரவு உறக்கமின்றிக் கழிந்தபின் துறைத்தலைவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். எம் கணக்கு ஒரு மாதம் முடக்கப்பட்டது. அத்தண்டனை பெரிதன்று. தோழியிடம் மன்னிப்பு வேண்டியபோது அவர், "காலையிலயே சொல்லியிருந்தா பஸ் ஏறியிருப்பேனே" என்று மட்டும் கூறினார். அச்சொல்லே தண்டனையாயிற்று. பின்னர் அவர்க்கு வேறிடத்தில் வாய்ப்பு வந்தது உண்மையே. எனினும் அந்தக் கோடையை யாம் எங்கிருந்து மீட்டுத் தருவது?

சில ஆண்டுகள் கழித்து ஒரு வரலாறு படித்தோம். 1961-இல் அமெரிக்காவில் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரும் அவர் குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். ஒருவர் கோப்பில் மற்றவர் கைவையாதிருக்கவே அம்முறையிற் கடவுச்சொல் அமைந்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், வாரத்திற்கு அளிக்கப்பட்ட நான்கு மணி நேரம் போதாமையால், துளையட்டை ஒன்றன் வழியே கடவுச்சொற்கோப்பையே அச்சிடச் செய்து, பிறர் நேரத்தைத் தாம் பயன்படுத்திக்கொண்டார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் சென்றபின் அவரே அதனை வெளியிட்டார். பூட்டு பிறந்த வீட்டிலேயே திருட்டும் பிறந்தது என்று நகைத்தோம். உடனே எம் கதை நினைவிற்கு வர, நகை அடங்கிற்று.

இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசி, அன்றைய எம் கூடம் முழுவதினும் விரைவாக இணையத்தை எட்டுகின்றது. ஆயினும் பங்கீடு ஒழிந்துவிடவில்லை. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்குரிய ஜி.பி.யூ. பொருத்திய சர்வர்களுக்குத் துறைதோறும் மாணவர் வரிசையிற் காத்திருக்கின்றனர். கயிறு மாறிற்று, கிணற்றடியில் நிற்போர் மாறவில்லை.

ஆதலின், இளைய நண்பர்காள்! கடவுச்சொல் என்பது நுமது உடைமையைக் காக்கும் பூட்டு மட்டுமன்று. பொதுக் குளத்தில் நுமக்கு விடப்பட்ட முறை. அதனைத் தாட்சணியத்தாற் பிறர்க்கு அளிக்கும்போது நீவிர் அளிப்பது நும் பொருளன்று. அறிமுகமில்லாத எவரோ ஒருவரின் மாலை ஐந்து மணி. பிழை நேர்ந்துவிடினோ, காலையிலேயே சொல்லிவிடுக. பஸ் ஏறுதற்குப் பொழுது இருக்கும்.