புவனகிரிப் பக்கம் ஒரு கள் காலை

ஹைதராபாத்தின் நாச்சாரத்துக்குக் குடிவந்த பிறகு எனக்குப் பிடித்துப்போன ஞாயிற்றுக்கிழமை வழி, உப்பல் தாண்டி வாரங்கல் சாலையில் புவனகிரிப் பக்கம் போவதுதான். சாலையோரம் பனையும் ஈச்சமும். பாளை சீவிக் கட்டிய பானையை கௌட் சமூகத்துப் பெரியவர் மரத்திலிருந்து இறக்கி, பனையோலை மடிப்பில் ஊற்றித் தருகிறார். விடிகாலைக் கள்ளில் இனிப்பு தூக்கல், மெல்லிய நுரை.

அந்த இனிப்பு மரத்திலிருந்தே வருவது. ஜப்பானியர் சாக்கே என்ற அரிசி மது வடிக்க அரிசியை வேகவைத்து, அதில் கோஜி என்ற பூஞ்சணத்தை வளர்த்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டும். பனை அந்தச் சர்க்கரையைத் தானே தருகிறது. காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அதுதான் நம்ம பதநீர்.

கூடவே காரமான நாட்டுக்கோழிக் குழம்பு, வேர்க்கடலையும் எள்ளும் போட்டுத் தட்டிய சர்வபிண்டி. அந்த எண்ணெய் மொறுமொறுப்புக்குப் புளிப்பேறிய கள்தான் சரி.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. டாஸ்மாக் திறந்திருக்க, பனையேறிக்கு மட்டும் வழக்கு என்பது எனக்கு ஆறவே இல்லை. இங்கே 2023இல் ஹைதராபாத் நெக்லஸ் ரோட்டில் அரசே பதநீருக்கென நீரா கஃபே திறந்தது.

இனிப்புக் கள் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் புளிப்பும் ஏறிவிடும்.