முறை வராதவர்

வத்தளையை ஒட்டி வடக்கே செல்லும் ஹமில்ற்றன் கால்வாய் நீர்கொழும்புக் கடனீரேரியை அடைகின்றது. அக்கடனீரேரியின் முகத்துவாரத்தில் நண்பனோடு ஓர் இரவைக் கழிக்கும்வரை, வலை விரியாதிருப்பதும் மீன்பிடித் தொழிலின் ஒரு பகுதியே என்பதை நான் அறிந்திலேன்.

நீர் வற்றும் இரவுகளில் கடலை நாடிச் செல்லும் இறாலைக் கழிகளில் கட்டிய வலைகள் மறித்துப் பிடிக்கின்றன. 'கட்டுதெல்' எனப்படும் இத்தொழிலுக்கு வாய்ப்பான இடங்கள் சிலவே. ஆதலின், நான்கு மீனவர் சங்கங்களின் உறுப்பினர் திருவுளச்சீட்டு மூலம் முறைவைத்துத் தொழில் செய்கின்றனர். மரபாய் வந்த இவ்வொழுங்கிற்கு 1958ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சட்ட வலுவும் அளித்தன. அனைவரும் ஒருங்கே வலை கட்டின், சின்னாளில் எவருக்கும் இறால் எஞ்சாது.

இவ்வாறு நான் வியந்து பேசியபோது நண்பன் சிரித்தான். அவன் மீனவன் மகன். ஆயினும் சங்கத்தவன் அல்லன். உறுப்புரிமை பெரும்பாலும் பரம்பரை வழியே வருவது. "அவர்களுக்கு இன்றில்லையேல் நாளை முறை வரும், எனக்கு என்று வரும்?" என்றான். நான் வாய் திறக்கவில்லை.

அனுமதியை மட்டுப்படுத்தாது கடல்வளத்தைக் காத்தல் அரிது. அதனை இன்றும் நம்புகின்றேன். ஆயினும், வரம்பு வகுப்போர் புதியவர்க்கெனச் சில இடங்களையேனும் ஒதுக்குதல் வேண்டும். அன்றேல், காக்கப்பட்ட இறால் யாருக்காகக் காக்கப்பட்டது?